ஓமம் மணக்கிற முதுகு

— எனக்கு முன்னம் ஆரோ இந்த முதுகில ஒத்தணம் பிடிச்சிருக்கினம். ஆர் அது?

— என்ன புள்ள பேசுற? உப்பு ஆறிடப் போகுது, வையி.

— ஆறினால் திரும்ப வறுப்பன். நான் இன்னும் உப்புப் பொட்டளிய வைக்கவே இல்லை, அதுக்குள்ள தோள் சிவந்துபோய்க் கிடக்கு.

— வெயில் புள்ள.

— போட்டிருந்த சேட்டுக்குள்ளாலயோ வெயில் அடிச்சது?

— மில்லுல மூட்டை தூக்குனேன்னு சொன்னேன்ல. அதான்.

— நீங்கள் மூட்டை தூக்கிறது இடத்தோளில. நோவு வலத்தோளில. கலியாணம் கட்டின நாள் தொட்டு இந்த முதுகுக்கு ஒத்தணம் பிடிக்கிறவள் நான். எனக்குக் கதை விடாதேங்கோ.

— ரெண்டு தோளும் என்னுதுதானே. மாத்தித் தூக்குனேன்.

— கிட்ட வாங்கோ. இன்னும் கிட்ட. ஓமமெல்லோ மணக்குது! எங்கட குசினியில ஒரு பொட்டு ஓமம் இல்லை. மில்லில மூட்டை தூக்கிறவைக்கு ஓமம் வறுத்து ஒத்தணம் பிடிக்கிற பொம்பிளை ஆரப்பா?

— ஐயோ, அப்படியெல்லாம் இல்ல.

— பக்கத்து வீட்டு ராஜினியக்கா போன கிழமையே சொன்னவா, உங்கட சைக்கிள் வட்டக்கச்சிப் பக்கம் போகுதெண்டு. என்ர மனிசன் அப்பிடியில்லை எண்டு நான் அவாவோட சண்டை பிடிச்சனான். விசரி நான்.

— அழுவாத புள்ள.

— ஆர் அழுகிறது? அடுப்புப் புகை. நீங்கள் பேரைச் சொல்லுங்கோ.

— பொம்பளைதான். ஆனா வயசானவங்க.

— வயசு கேட்டனானோ? பேர்!

— சொன்னா அந்தப் பொட்டளிய என் மூஞ்சியில அடிப்ப.

— சொல்லாட்டியும் அடிப்பன்.

— போன வாரத்துலேருந்தே கிணறு இறைக்கிறேன். அடிச் சேத்த வாளி வாளியா இழுத்ததுல தோள் விட்டுப் போச்சு. வட்டக்கச்சியில, படலையடியில ரெண்டு பிலா மரம் நிக்கிற வீடு... நிசாந்தினி? பொட்டளிய ஏன் கீழ வச்சிட்ட?

— அது எங்கட அம்மா வீடு.

— ஆமா.

— அங்க ஏன் போனனீங்கள்? என்ன கேக்கப் போனனீங்கள்? காணியோ?

— உன் வாயால இதக் கேக்கணும்னு இருந்திருக்கு. ஒன்னும் கேக்கல புள்ள. மில்லுக்கு வர்ற டிராக்டர்காரன் சொன்னான், வெள்ளம் கிணத்துக்குள்ள எறங்கிருச்சு, அந்தம்மா ஊரெல்லாம் குடம் தூக்கிட்டுத் திரியுதுன்னு. பஸ்ஸுல அந்தப் படலையக் கடக்கிறப்ப எல்லாம் நீ எட்டி எட்டிப் பாக்குறத நான் பாக்கலன்னு நெனச்சியா?

— கலியாணத்தண்டு அவா சொன்னது மறந்துபோச்சோ? மலைநாட்டுத் தோட்டக்காட்டான்ர நிழலும் என்ர கிணத்தில விழக்கூடாதெண்டு ஊர் கேக்கக் கத்தினவா.

— மறக்கல. அதான் நிழல மேல விட்டுட்டு நான் மட்டும் எறங்குனேன்.

— பல்லைக் காட்டாதேங்கோ. அவா எப்பிடி உங்களை உள்ளுக்கு விட்டவா?

— கலியாணத்துக்கே வராதவங்க, என் மூஞ்சிய எப்பப் பார்த்தாங்க? மாயாண்டின்னு பேரச் சொன்னா படலையே தொறக்காது. ரூபன்னு சொன்னேன். ஓம், வாறன், போறன்னு உங்க ஊர்ப் பேச்சையே பேசுனேன்.

— கடைசி வரைக்கும் பிடிபடேல்லையோ?

— ஒருக்கா வாய் தவறிருச்சு. மேல ஏறி வந்து தோளப் புடிச்சிக்கிட்டு உக்காந்தேன். "நோகுதோ தம்பி"ன்னு கேட்டாங்க. எங்க தோட்டத்துப் பேச்சுல "ஆமாங்க"ன்னுட்டேன்.

— கடவுளே! பேசினவாவோ?

— இல்ல. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. உள்ள போனாங்க. அலுமாரி தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. பெறகு ஓமப் பொட்டளியோட வந்து, திரும்பி இருன்னாங்க.

— தன்ர கையாலயோ பிடிச்சவா?

— அவங்க கையாலதான். சூடு கூடவான்னு கேட்டுக் கேட்டு. வரும்போது பொட்டளியையும் தந்துட்டாங்க. "வீட்ட கொண்டு போய், அவிட்டுப்போட்டுப் புது ஓமம் வைக்கச் சொல்லு"ன்னாங்க. யாருகிட்டச் சொல்லணும்னு அவங்க சொல்லல, நானும் கேக்கல.

— எங்க அது?

— சைக்கிள் பைக்குள்ள. நீ கண்டா சந்தேகப்படுவேன்னு ஒளிச்சு வச்சேன்.

— நல்லா ஒளிச்சீங்கள்! இருங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்... இதென்ன, மேல பழைய சாரத்துணி, உள்ளுக்கு இன்னொரு துணி. முடிச்சும் எவ்வளவு இறுக்கம்.

— ஓமம் கொட்டிரும், பாத்து... என்ன புள்ள? ஏன் வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குற?

— இது நான் பெரியபிள்ளையாகேக்க கட்டின சாமத்தியவீட்டுச் சீலை.

— சரியாப் பாரு. எல்லாச் சீலையும் ஒரே மாதிரித்தானே?

— எனக்குத் தெரியாதோ? இந்தப் பச்சைக் கரையில நான் ஊத்தின பாயாசக் கறை இப்பவும் கிடக்கு. யுத்தத்தில இடம்பெயரேக்க பானை சட்டி எல்லாத்தையும் விட்டிட்டு இதைத்தான் இடுப்பில சுத்திக்கொண்டு ஓடினவா. ஓடிப்போய் இருந்த உடையார்கட்டில துணிக்கு அந்தரப்பட்டுத் திரியேக்கையும் ஒருத்தரையும் தொட விடேல்லை.

— ஐயோ, அதப் போயி ஒரு கூலிக்காரன் முதுகுக்குக் கிழிச்சுட்டாங்களே!

— எழும்புங்கோ. சேட்டைப் போடுங்கோ, சைக்கிளை எடுங்கோ. ஆரோ ஒரு ரூபனுக்கு இதைக் கிழிக்கிற ஆளில்லை எங்கட அம்மா.