ஹொப்ஸ் பூவும் தோய்த்த சேட்டும்

"தம்பி, இதில எது எங்கட அவற்ற சேட்டு மணம் எண்டு சொல்லுங்கோ."

வெள்ளவத்தையில் நான் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த நரைத்த தலை அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் இரண்டு சின்னப் பைக்கற்றுகளை நீட்டினார். அவர், அம்மாவின் காலமான கணவரோடு பியர் தொழிற்சாலையில் வேலை செய்தவராம்.

"ரெண்டும் ஹொப்ஸ் பூ அக்கா. பியருக்குக் கசப்பும் மணமும் குடுக்கிறது. ஆர் அனுப்பினது?"

"கனடாவில இருந்து மகன். வீட்டில பியர் காய்ச்சப் போறானாம். அப்பா வேலை செய்த இடத்துப் பியருக்கு இதில எதைப் போட்டவை எண்டு கேக்கிறான்."

பக்கத்தில் இருந்தவர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து மணந்தார்.

"இதுதான். மற்றது தோடம்பழம் மாதிரி மணக்குது. எங்கட காலத்தில அது இல்லை."

அம்மா அவருடைய கையைப் பிடித்திழுத்து மணந்தார். கன நேரம் விடவில்லை.

"ஓம். வேலையால வந்தா வீடெல்லாம் இந்த மணம்தான். அவற்ற சேட்டுகளை மற்ற உடுப்போட சேர்க்காமல், ஏசி ஏசித் தோய்ச்சனான்."

கொள்ளுப்பிட்டியில் அவர் இறங்க எழுந்தார். "அப்ப மகனுக்கு இந்தப் பைக்கற்றில இருக்கிற பேரை எழுதிவிடுங்கோ, அக்கா."

"எழுதுறன்." அம்மா அந்தப் பைக்கற்றை மட்டும் கைக்குட்டையில் சுற்றினார். "ஒரு சேட்டாவது தோய்க்காமல் வைச்சிருக்கலாம், தம்பி."