வெளியே வந்துவிட்டேன்

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறதே, அதில் இருப்பது கடவுச்சொல் என்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள். சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, முதலில் எல்லோரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

நான் வேலை பார்ப்பது அட்டைப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனியில். கணக்கெழுத வந்தவன். பிரின்டரில் சிக்கிய தாளை ஒருமுறை எடுத்துக் கொடுத்தேன். அன்றோடு கம்ப்யூட்டர், மெயில் எல்லாம் என் தலையில் விழுந்தன. முதலாளி பெரிய ஹோட்டல் ஒன்றில் நடந்த கருத்தரங்குக்குப் போனவர், கழுத்தில் மாட்டிவிட்ட அடையாள அட்டையைக் கழற்றாமலே திரும்பி வந்து, இனி நாம் காகிதமில்லா நிறுவனம் என்று அறிவித்தார். காகிதத்தை மடித்துப் பிழைக்கும் கம்பெனி காகிதத்தைத் துறப்பதில் உள்ள வேடிக்கை அவருக்கு எட்டவில்லை. கைதட்டியவர்களுக்கு எட்டியிருக்கும். சம்பளம் வாங்குபவர்கள், தட்டினார்கள்.

பின்பக்கக் கொட்டகையில் ஒரு பிரஸ் இருக்கிறது. கழிவு அட்டையை அதன் தொட்டியில் போட்டால், மேலிருந்து இரும்புப் பலகை இறங்கி நசுக்கும். பிறகு கம்பி சுற்றிக் கட்டாக வெளியே தள்ளும். அடிக்கடி அட்டை சிக்கிக்கொள்ளும். மெக்கானிக் தொட்டிக்குள் இறங்கித்தான் பிடுங்கவேண்டும். முன்பெல்லாம் அவன் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவான். பூட்டெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்றார் முதலாளி. புது முறைப்படி, இறங்கும் முன் ‘உள்ளே போகிறேன்’ என்று ஒரு மெயில். ஏறியதும் ‘வெளியே வந்துவிட்டேன்’ என்று இன்னொன்று. மாடியில் கண்ணாடி அறையில் இருக்கும் ஆபரேட்டர் அக்கா, இரண்டாவது மெயிலைப் பார்த்ததும் பொத்தானை அழுத்துவார். அந்த அறையிலிருந்து தொட்டி தெரியாது.

இதில் கவனியுங்கள். கம்பெனியில் எல்லோருடைய மெயிலுக்கும் ஒரே கடவுச்சொல். கம்பெனி பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. யார் பெயரில் யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம், ஒருநாள் இதனால் உயிர் போகும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நான்கு நாள் உட்கார்ந்து படமெல்லாம் போட்டுத் தயாரித்திருந்தேன். முதலாளி இரண்டாவது படத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“நம்ம மெயிலைத் திருடி என்னய்யா பண்ணப்போறான்? பெட்டிய எப்படி மடிக்கிறதுன்னு வெளிநாட்டுக்கு வித்துருவானா?”

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. அன்றிலிருந்து எனக்கு வைரஸ் என்று பெயர்.

மறுநாள் மெக்கானிக் மட்டும் என்னிடம் வந்தான். “வைரஸண்ணே, எனக்கு மட்டும் மாத்திக் குடுங்க. உள்ள இறங்குறவன் நான்தானே.” அண்ணே என்று சேர்த்துக்கொண்டதால் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். மகளின் செல்லப்பெயரையும், பிறந்தபோது அவள் இருந்த எடையையும் சேர்த்துக் கடவுச்சொல் வைத்தான். அருமையான கடவுச்சொல். தட்டி முடித்துவிட்டு, “இத நீங்களே ஞாபகம் வச்சுக்குங்கண்ணே, எனக்கு மறந்துரும்” என்றான்.

ஏன் அவனைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்பீர்கள். கம்பெனியில் மெயிலுக்கு ஒழுங்கான பூட்டு போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான். திறந்து கிடக்கும் வீட்டுக்குள் நுழைந்து காட்டுவதில் என்ன நிரூபணம் இருக்கிறது?

அன்று காலை டீ குடித்து முடித்த சமயம், ‘உள்ளே போகிறேன்’ வந்தது. என் மேஜையில் கொட்டகைக் கேமராவின் திரை இருக்கிறது. பதிவெல்லாம் கிடையாது, காட்டுவதோடு சரி. செருப்பை ஜோடியாகக் கழற்றி ஓரமாக வைத்தான். போனைக் கருவிப்பெட்டியின் மேல் வைத்தான். இறங்கினான். நான் அவனுடைய மெயிலைத் திறந்து அந்த இரண்டு சொற்களை அடித்தேன். அவன் முற்றுப்புள்ளி வைக்கும் வழக்கமில்லாதவன். நானும் வைக்கவில்லை. ‘சரி தம்பி’ என்று அக்கா பதில் போட்டார்.

கத்தியிருப்பான். கேமராவுக்குக் காது கிடையாது. ஒரு கை மட்டும் மேலே வந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்தது. பலகை தன் வேகத்தில் இறங்கியது. கடைசிவரை அந்தக் கை பிடியை விடவில்லை. அந்தக் கைக்குப் பின்னால்தான் ஆள் இல்லை. பிறகு கம்பி இறுகியது, கட்டு வெளியே வந்தது. நாலு பக்கமும் சிவப்பாகக் கசிந்தது. ஆனாலும் சதுரம் பிசகவில்லை. நல்ல இயந்திரம், ஐயா.

அக்காவின் அறைக்கு நேரடி போன் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்திருக்கலாம். பாதியில் நிறுத்தினால் சோதனை பூர்த்தியாகாது.

கீழே எழுந்த ஓலத்தைக் கேட்டு அக்கா வெறும் கையால் கண்ணாடியைக் குத்தி உடைத்தார். எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் மெக்கானிக்கின் தம்பி வந்து, அவர் தலைமுடியைப் பிடித்துப் படிக்கட்டு வழியே இழுத்து, கட்டுக்கம்பியை முறுக்கும் இரும்புத் தடியால் முகத்தில் அடித்தான். இடது கண் போய்விட்டது என்கிறார்கள். அதை என் கணக்கில் எழுதாதீர்கள். அது கோபத்தில் நடந்தது. எனக்கு யார்மேலும் கோபமில்லை.

என்னை உறுத்துவது வேறு. ஒருவர்கூட மெயிலைச் சந்தேகிக்கவில்லை. வெளியே வந்து மெயில் போட்டவன், ஸ்பானரை மறந்துவிட்டுத் திரும்ப இறங்கியிருப்பான் என்று முதலாளி சொன்னார். விசாரிக்க வந்த உங்கள் போலீஸ்காரர்களும் தலையாட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் அவர் மனிதத் தவறுகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பிறகு, அஞ்சலியாக, கம்பெனிக்கே புதுக் கடவுச்சொல் அறிவித்தார். செத்தவன் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று.

ஓர் ஆளையே செலவழித்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது வீணாகக் கூடாது என்றுதான் நானாக இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தே அந்த மெயிலை அனுப்பியது நான்தான். பகை எதுவும் கிடையாது. அன்று கூட்டத்தில் அவனும் சிரித்தான் என்று யாராவது வந்து சொல்வார்கள். சிரித்தான்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும், எண்ணெய்த் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். அதெல்லாம் எனக்கு நினைவில்கூட இல்லை.

நான் அப்படி மனதில் வைத்துக்கொள்பவன் அல்ல, ஐயா. நீங்கள் முதலில் சிரித்ததையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த மஞ்சள் சீட்டில் இருந்ததை மட்டும்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.