ஞாயித்துக்கிழமை பாத்த டாக்டர்

இல்ல மேடம், அம்மா சொல்றத எழுதாதீங்க. சீனிவாசன் டாக்டர் எங்கப்பாவப் பாக்கவே இல்ல. பாவம், அவரு கிளினிக்குக்குத்தான் பிரசாந்த் மாமா ஆளுங்களக் கூட்டிட்டு சண்டைக்குப் போயிருக்காரு. நான் பண்ணா மாமா போன் எடுக்க மாட்டேங்கறாரு. நீங்க பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், நீங்க கிளினிக்குக்கு ஒரு போன் பண்ணி ஷட்டர இறக்கச் சொல்லிடுங்க.

அப்பா போயிட்டாரு, இவன் அழலையேன்னு பாக்கறீங்க. வரல மேடம். ஊசி போட்ட எடம் மாதிரி மரத்துக் கெடக்கு.

அப்பா தேவராஜ மார்க்கெட்ல மூட்டை தூக்கறவரு. ஒரு மாசமா படி ஏறினா மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரின்னா நழுவிடுவாரு. எங்கக்கா ரூபா நர்சிங் படிக்கிறா. ஞாயித்துக்கிழமை வந்தவ, ஸ்டெதாஸ்கோப்ப மேசையில வச்சிட்டுக் குளிக்கப் போயிட்டா. அம்மா பூ விக்கப் போயிருந்தாங்க. நான் எடுத்துக் கழுத்துல போட்டேன். எனக்கு எல்லார் குரலும் வரும் மேடம். எங்க பியூசி காலேஜ் பிரின்சிபால், கண்டக்டரு, அஞ்சு நிமிஷம் பேசினா நீங்ககூட. வேணாம், இப்ப வேணாம்.

சீனிவாசன் டாக்டர் மூக்காலயே பேசுவாரு. சளின்னு போனாலும் சுளுக்குன்னு போனாலும் மொதல்ல ஏனூ ஆகல்லம்பாரு. கன்னடத்துல, ஒண்ணும் ஆகாதுன்னு. அந்தக் குரல்ல, அப்பாவப் பாத்து, உக்காருங்க கந்தசாமின்னேன். சிரிப்பாருன்னு பாத்தா, சட்டையக் கழட்டிட்டு முதுகக் காட்டினாரு. நெசமாவே பாருடான்னாரு.

பாத்தேன். ஏனூ ஆகல்ல, நாளைக்கே மூட்டை தூக்கலாம்னேன்.

அதத்தான் அப்பா அம்மாகிட்ட, சீனிவாசன் டாக்டர் பாத்தாரு, ஒண்ணும் இல்லேன்னுட்டாருன்னு மூஞ்சியில சிரிப்பே இல்லாமச் சொல்லியிருக்காரு. அவருக்கும் அந்தக் குசும்பு உண்டு. மார்க்கெட் பூராச் சொல்லியிருக்காரு. இன்னிக்கு வெங்காய மூட்டையோட விழுந்தாரு. மீதி உங்களுக்கே தெரியும்.

இல்ல மேடம், சும்மா வச்சு எடுத்துடல. காதுல மாட்டித்தான் பாத்தேன். கேட்டுச்சு. முதுகுல கீழ, ரெண்டு பக்கமும், தண்ணி தளதளன்னு கொதிக்கிற மாதிரி. அப்படிக் கேட்டா ஒரு நிமிஷம்கூட வீட்ல வச்சிருக்கக் கூடாதுன்னு ரூபா சொல்லித் தந்திருக்கா. அப்பா திரும்பி என் மூஞ்சியவே பாத்தாரு. நடுவுல அந்தக் குரல எப்படி நிறுத்தறதுன்னு தெரியல மேடம்.