புகையில்லாத நெருப்பும் சோனியாவின் கட்டைவிரலும்

ஒருமுறை நான் தூண் என்று எண்ணி இறுகக் கட்டிப்பிடித்த எங்கள் மேலாளர், விழாத் தலைவர் ஜெயராஜ் ஐயா அவர்களே! காலை நாஷ்டாவையும் மறந்து ஷிஃப்டிலிருந்து நேராக வந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! கும்மிடிப்பூண்டி ஆலைத் தோழர்களே!

ஆம், ஒப்புக்கொள்கிறேன். தீயணைப்புப் பயிற்சிக்கென்று வந்த, பொய்க்காட்சியை மெய்போலக் காட்டும் வி.ஆர். கண்ணாடியை முதன்முதலாக மாட்டியபோது, அதற்குள் எரிந்த பொய்த்தீக்கு மெய்யாகவே பயந்து ஓடி, ஐயாவின் மார்பில் தஞ்சமடைந்தவன் இந்த லோகுதான். சிரிக்காதே சாராள், நீ மேசைக்கடியில் பதுங்கியதை நான் வெளியே சொல்லவேயில்லை!

ஆனால் அந்தக் கண்ணாடிக்குள்தான் என்ன ஒரு கனவு! புகை உண்டு, இருமல் இல்லை. நெருப்பு உண்டு, சூடு இல்லை. கையில் கொடுத்த கருவியின் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினால், பூ வாடுவதுபோல் அடங்குகிறது பெருந்தீ. அங்கே எல்லோரும் வீரர்கள். வீரர்களில் முதல்வி நம் தங்கை சோனியா.

பிறகு வந்தது நிஜ ஒத்திகை. ஆலை முற்றத்தில், தகரத் தொட்டியில் தீ. சோனியா தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கினாள். முதலில் இழுக்க வேண்டிய பூட்டு ஊசி, அந்தப் 'பின்', இருந்த இடத்திலேயே இருந்தது. அவளோ, இல்லாத பொத்தானைத் தேடிக் காற்றை அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே நின்றாள்.

"இன்னாண்ணே இது? உள்ளாற அமுக்குனா அணையுது. இங்க இன்னாத்த அமுக்குறது?"

அடுத்த ஒத்திகையிலும் தவறினால் பாதுகாப்புக் குழுவில் இடமில்லை என்றார் ஐயா. அந்த இடம் போனால் அவளுக்கு வரவிருந்த நிரந்தர வேலையும் போகும். தோழர்களே, அந்த ஒத்திகை நாளைக் காலை!

அப்போது வந்தார் அமிர்தா. கருவிகளால் மனிதர் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயும் திருவள்ளூர்ப் பெண்.

"கை எதப் பழகுச்சோ அதத்தான் செய்யும்ணா. அதுக்குன்னு ஒரு கோட்பாடே இருக்கு."

"கோட்பாடு வந்து தீய அணைக்குமாம்மா?" என்று சீண்டினேன்.

"அணைக்காதுண்ணா. ஏன் அணையலன்னு சொல்லும்."

ஆஹா! கனவில் நீந்தியவன் சட்டை நனைந்து எழுந்ததுண்டா? கனவில் உண்டவன் ஏப்பம் விட்டதுண்டா? கண்ணாடி ஒரு ரயில், தோழர்களே! இறங்குமிடம் தெரியாமல் அதில் சுகமாகத் தூங்கினால், கும்மிடிப்பூண்டி தாண்டிச் சூளூர்ப்பேட்டையில்தான் கண்விழிப்போம். தட்டி எழுப்பி இறக்கிவிடுவது எது? கோட்பாடு!

அமிர்தா பொத்தானை எடுத்துவிட்டார். கண்ணாடி மாட்டிய கைகளில் நிஜ சிலிண்டரின் கனத்தைக் கொடுத்தார், நிஜப் பின்னைக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்று சோனியாவை எனக்கு விளக்கவும் வைத்தார். "மொதல்ல பின்னு, அப்புறந்தான் அமுக்கணும். மரமண்டைண்ணே உனக்கு!" என்று திட்டித் திட்டியே அவள் தேறினாள்.

நாளை அந்தக் கை என்ன செய்யும்? யாரறிவார்? ஆனால் ஒன்று சொல்வேன். கருவி வேண்டும், கருவியோடு காரணம் வேண்டும்! காட்சி வேண்டும், காட்சியோடு கேள்வி வேண்டும்! கனவு வேண்டும், அந்தக் கனவுக்கொரு கரை வேண்டும்!

எனக்குப் பொன்னாடை போர்த்திய ஐயாவுக்கும், பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் என் நன்றி... ஏனம்மா சோனியா, மேடைக்கு ஏன் ஓடி வருகிறாய்? சிலிண்டர் எதற்கு?

என் பொன்னாடையின் நுனி மேடைக் குத்துவிளக்கில் பற்றிவிட்டதாம். முதலில் பின்னை இழுத்தாள், அப்புறம் அமுக்கினாள். அணைந்துவிட்டது. என் கண்ணெல்லாம் சிலிண்டர் பொடி. இப்போது நான் கட்டிப்பிடித்திருப்பது தூண் அல்ல. வணக்கம், ஜெயராஜ் ஐயா. அனைவருக்கும் வணக்கம்.