அஞ்சு நிமிஷம் எதையும் தொடாம

— இந்தாங்க தண்ணி. என்ன மெக்கானிக் சார், ஏதாவது தெரிஞ்சுதா?

— அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா ஸ்கிரீன் அணையணும்னுதான் வச்சிருக்கு. இதுல ஒரு தப்பும் இல்லையே.

— அப்புறம் ஏன் அணைய மாட்டேங்குது? நான் என்ன பொய்யா சொல்றேன்?

— பொய்னு சொன்னேனா? வந்ததுமே ஆரம்பிக்காத.

— காலையில வர்றேன்னுட்டு சாயங்காலம் வந்தவருக்குப் பேச்சைப் பாரு!

— கடையில கூட்டம்மா... பிரிண்டர் ஒயரைக் கழட்டிட்டேன். நெட்டையும் நிறுத்திட்டேன். பாட்டு, படம் எதுவும் ஓடல. இனி அஞ்சு நிமிஷம் எதையும் தொடாம உக்காரணும். தானா அணையுதான்னு பாப்போம்.

— நாற்காலியெல்லாம் கட்டியாச்சு. அந்த அட்டைப்பெட்டி மேல உக்காருங்க.

— உள்ள ஏதாவது உடையுமா?

— துணிமணிதான். நீங்க உக்காந்து கசங்கறதுக்கு அதுல ஒண்ணும் மிச்சம் இல்ல.

— நாளைக்கு லாரியில ஏத்தப்போற கம்ப்யூட்டருக்கு இன்னிக்கு ரிப்பேர்...

— போற ஊர்ல கூப்பிட்ட குரலுக்கு மெக்கானிக் வருவானா?

— இங்க மட்டும் கூப்பிட்டியாக்கும். கடை ரெண்டு தெரு தள்ளிதானே இருக்கு?

— கட்டின பொண்டாட்டியை விட்டுட்டு, கடையிலயே பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டவரை என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?

— அதை விடு. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.

— அதென்ன, மவுஸைத் தொடாம எல்லாத்தையும் கீபோர்டுலயே பண்றீங்க?

— பழக்கம். ஏன், தொடணுமா?

— வேண்டாம் வேண்டாம்! தூசி படுதேன்னு துணி போட்டு மூடியிருக்கேன். அப்படியே இருக்கட்டும்.

— சரி.

— கை வெறும் கையா இருக்கே... வாட்ச் எங்க?

— எங்கயோ தொலைஞ்சுபோச்சு. நீ பாத்தியா?

— நானா? இல்லையே...

— நேரம் ஆயிடுச்சு. அணையல.

— நான்தான் சொன்னேன்ல.

— ஆஃப் பண்ணி ஆன் பண்றேன். இன்னொரு தடவை பாப்போம். நீயும் உக்காரு, நின்னுக்கிட்டே இருக்காத.

— சாப்பிட்டீங்களா?

— ம்.

— இந்த 'ம்' இருக்கே...

— என்ன?

— ஒண்ணுமில்ல, விடுங்க.

— சொல்லு. நான் ஸ்கிரீனைப் பாக்கல. உன்னைத்தான் பாக்கறேன்.

— வெளியூர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, போகட்டுமான்னு கேட்டேன். யாரோட லேப்டாப்பையோ பிரிச்சுப் போட்டுக்கிட்டு 'ம்'னீங்க. அவ்வளவுதான்... நான் போனா இவருக்கு என்னன்னு, வர்றேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்.

— நீ கேட்டதே என் காதுல விழல.

— மறுநாள் தெரிஞ்சதும் குதிச்சீங்களே, அப்பவாவது இதைச் சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு... பாழாப்போன வீம்பு.

— நானும் உங்க தோளைத் தட்டி இன்னொரு தடவை கேட்டிருக்கணும். கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். எத்தனை வேலை இருந்தாலும் எந்திரிச்சு வருவாருன்னு நெனச்சேன்.

— வந்தேன். கதவு வரைக்கும்.

— தட்டலையே.

— தட்டல.

— இப்பப் பேசி என்ன... லாரிக்காரன் காலையிலயே வந்துடுவான். அணைஞ்சுதா?

— இல்ல.

— அம்புக்குறி வேற லேசா நடுங்குது பாருங்க.

— பழைய மவுஸு. அப்படித்தான்.

— எந்த மெக்கானிக்காவது இப்படிச் சொல்லுவானா? ஐயோ, போதும்... அந்தத் துணியை எடுங்க.

— எதுக்கு? கிடக்கட்டுமே.

— எடுங்கன்னா... மவுஸுக்கு அடியில உங்க வாட்ச் இருக்கு. முள்ளு ஓடுற வரைக்கும், யாரோ மவுஸை நகத்தறாங்கன்னு நெனச்சுக்கிட்டு இது அணையாது. நீங்க காட்டிக் குடுத்ததுதான். கடை வைக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுல உக்காந்து ஆபீஸ் வேலை பாத்தப்ப, இப்படி வச்சு அவங்களை ஏமாத்திட்டு என்கூட டீ குடிக்க வருவீங்களே... போறதுக்குள்ள உங்களைக் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்கார வைக்க எனக்கு வேற வழி தெரியல. வேலையைக் கெடுத்துட்டேன். திட்டறதுன்னா திட்டிக்குங்க.

— திட்டலம்மா... நான் உள்ள வந்தப்ப ஸ்கிரீன் அணைஞ்சுதான் கிடந்துச்சு. துணியைத் தூக்கிப் பாத்தா, வாட்ச் நின்னு போயிருக்கு. நீ தண்ணி எடுக்கப் போனப்ப, நான்தான் சாவி குடுத்து மறுபடியும் அடியில வச்சேன்.