ஞாபகம் ஏதும் இல்லை

நாத்தனார்: ...அதைத்தான் நானும் சொல்றேன் டாக்டர். படுக்கவே மாட்டேங்குறா. இன்னையோட நாலு நாளாச்சு.

பெற்றவள்: அண்ணி, சும்மா இருங்களேன்.

நாத்தனார்: நீ சும்மா இருந்தா நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்? கையை ஆட்டுறா, காலை ஆட்டுறா, விரலை மடக்குறா, நீட்டுறா. கட்டில் கிறீச் கிறீச்சுங்குது. பக்கத்துக் கட்டில்காரி என்னைப் பார்த்து முறைக்கிறா, என்னமோ நான்தான் ஆட்டி விடுற மாதிரி.

டாக்டர்: குட்டி தூங்குறாளா?

நாத்தனார்: அவ மகராசி. பால் குடிச்சா தூக்கம், ஈரம் பண்ணினா அழுகை, துணி மாத்தினா திரும்பத் தூக்கம். பெத்தவதான் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு...

பெற்றவள்: டாக்டர், இன்னைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்கல்ல?

டாக்டர்: அனுப்புவாங்க. நான் ஒரு கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி...

பெற்றவள்: எனக்கே மனப்பாடம் டாக்டர். மயக்கத்துல தூங்கப் போறப்போ கடைசியா என்ன ஞாபகம்? முழிச்சப்போ முதல்ல என்ன ஞாபகம்? நடுவுல ஏதாவது ஞாபகம் இருக்கா? சரிதானே?

டாக்டர்: சரிதான். என் வேலையை நீங்களே பார்த்துடுவீங்க போலிருக்கு.

பெற்றவள்: மூணு நாள் கேட்டீங்க, மூணு நாளும் சொல்லிட்டேன். மூஞ்சி மேல மூடியை வச்சீங்க. அப்புறம் ஐசியூவில தொண்டை எரிஞ்சுது. நடுவுல ஒண்ணும் இல்ல.

நாத்தனார்: நானும் கேக்கணும்னே இருந்தேன். வயித்தை அறுத்த டாக்டரம்மா ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாங்க. மயக்கம் குடுத்த நீங்க தினம் வர்றீங்க. இன்னைக்கு உங்களுக்கு லீவுன்னு நர்ஸ் சொல்லுச்சு. லீவு போட்டுட்டு யாராவது ஆஸ்பத்திரிக்கு வருவாங்களா?

டாக்டர்: வீட்டுல போரடிக்குது. அதான்.

நாத்தனார்: இங்க மட்டும் என்ன, பாட்டா பாடுறாங்க?

டாக்டர்: நான் இருக்கிற இடத்துல சத்தத்துக்குக் குறைச்சல் இருக்காது. ஆபரேஷன் தியேட்டர்ல எனக்கு ரேடியோன்னு பேரு.

நாத்தனார்: ஏன்?

டாக்டர்: மயக்கத்துல இருக்கிறவங்க காதுல ஏதாவது பேசிக்கிட்டே இருப்பேன். பழக்கமாயிடுச்சு. யாருக்கும் கேக்காதுன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க.

நாத்தனார்: அட! தூங்குறவங்க காதுலயா? எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசுறதும் அப்படித்தான்.

பெற்றவள்: அண்ணி, சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது.

டாக்டர்: ரொம்ப இழுக்குதா? படுங்க, பார்க்கிறேன்.

பெற்றவள்: வேணாம். உக்காந்தே இருக்கேன்.

டாக்டர்: ஒரு நிமிஷம்தான். மல்லாந்து...

பெற்றவள்: வேணாம்னு சொல்றேன்ல!

நாத்தனார்: ஏய், டாக்டர்கிட்ட கத்துறே?

பெற்றவள்: ...மன்னிச்சுக்குங்க டாக்டர். மல்லாந்து படுத்தா... மூச்சு முட்டுது. வேற ஒண்ணும் இல்ல.

நாத்தனார்: இதான் டாக்டர், இதேதான். வீட்டுல தையல் மெஷின் முன்னாடி காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் அசைய மாட்டா. "எந்திரிச்சு ரெண்டு எட்டு நடடி, கால் மரத்துடும்"னு நான் கத்துவேன். அப்பேர்ப்பட்டவ இப்போ ஒரு நிமிஷம் ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குறா. நேத்து ரவுண்ட்ஸ்ல அந்த அறுத்த டாக்டரம்மா வெளிய வராண்டாவுல பேசினாங்க. குரலைக் கேட்டதும் இவளுக்கு உடம்பெல்லாம் உதறுது. அவங்க மூஞ்சியைக்கூட இவ பார்த்தது கிடையாது!

டாக்டர்: பார்த்தது இல்லையா?

நாத்தனார்: எங்க பார்க்கிறது? ரத்தம் கொட்டுதுன்னு கட்டிலோட தள்ளிக்கிட்டு ஓடினாங்க. என் தம்பி வெறுங்காலோட பின்னாடியே ஓடினான். இவளை மயக்கத்துல போட்ட அப்புறம்தான் அந்த அம்மா மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தாங்க. வாசல்ல நின்னு என் கண்ணால பார்த்தேன்.

பெற்றவள்: குளிர்ல உதறிச்சு அண்ணி.

நாத்தனார்: குளிரா? எனக்கு வேர்த்து ஊத்துச்சு!

டாக்டர்: அக்கா... குட்டிக்குத் தடுப்பூசி போட்டாச்சா?

நாத்தனார்: இன்னும் இல்ல. பத்து மணிக்கு வரச் சொன்னாங்க.

டாக்டர்: மணி பத்தேகால்.

நாத்தனார்: ஐயோ! இதை முதல்லயே சொல்லக் கூடாதா? குடு அவளை. வாடி என் தங்கம், ஊசி போட்டா அழக் கூடாது, அத்தைக்கும் அழுகை வந்துடும்... இவளைப் பார்த்துக்குங்க டாக்டர். வெளிய எந்திரிச்சு ஓடினாலும் ஓடிடுவா.

டாக்டர்: ஓட மாட்டாங்க. நான் இருக்கேன்.

பெற்றவள்: அப்பாடா, போயிட்டாங்க.

டாக்டர்: நல்ல அண்ணி.

பெற்றவள்: ரொம்ப நல்லவங்க. வாய்தான் கொஞ்சம்... காது வரைக்கும்.

டாக்டர்: நீங்க தூங்காததை நீங்க சொல்லவே இல்லையே?

பெற்றவள்: பச்சைப் புள்ளை வச்சிருக்கேன், யாருதான் தூங்குறா? வீட்டுக்குப் போனா சரியாயிடும். நீங்களும்தான் தூங்கின மாதிரி இல்ல. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு.

டாக்டர்: வீட்டுல ஒரே தொல்லை. காலையில எந்திரிச்சா சமையலறை பூரா...

பெற்றவள்: ஏன், அந்த பிளம்பர் இன்னும் வரலையா?

டாக்டர்: என்னது?

பெற்றவள்: இல்ல... நான் என்ன சொல்ல வந்தேன்னா...

டாக்டர்: எந்த பிளம்பர்?

பெற்றவள்: யாரோ... நர்ஸ் யாரோ சொன்னாங்க.

டாக்டர்: என் வீட்டுக் குழாய் ஒழுகுறதை நான் எந்த நர்ஸ்கிட்டயும் சொல்லலை.

பெற்றவள்: அப்போ நீங்களே சொல்லியிருப்பீங்க. நேத்தோ, முந்தாநாளோ...

டாக்டர்: ஒரே ஒரு இடத்துலதான் சொன்னேன்.

பெற்றவள்: எனக்கு வீட்டுக்குப் போகணும் டாக்டர். கையெழுத்துப் போடுங்க.

டாக்டர்: போடுறேன். முதல்ல...

பெற்றவள்: அண்ணி எங்க? எவ்வளவு நேரமா ஊசி போடுறாங்க?

டாக்டர்: வந்துடுவாங்க. கையைக் குடுங்க. ஆட்டணும்னா ஆட்டுங்க, பரவாயில்லை, நான் சும்மா பிடிச்சுக்கிறேன். ஆபரேஷன்ல எப்போ முழிச்சீங்க, அறுக்கிறப்பவா?

பெற்றவள்: இல்ல... தைக்கிறப்போ.

டாக்டர்: வலிச்சுதா?

பெற்றவள்: என்ன கேள்வி டாக்டர் இது?

டாக்டர்: ஆமா. தப்புதான்.

பெற்றவள்: நான் பதினஞ்சு வருஷமா தைக்கிறவ. ஊசி குத்துறது, நூலை இழுக்கிறது, முடிச்சுப் போடுறது... ஒவ்வொண்ணும் தெரிஞ்சுது. கத்தணும், வாய் வரலை. கண்ணைத் திறக்கணும், திறக்கலை. சுண்டு விரல் ஒண்ணு... அது ஒண்ணு அசைஞ்சா போதும், யாராவது பார்த்துடுவாங்கன்னு உயிரைக் குடுத்துப் பார்த்தேன் டாக்டர். என் விரல்தானே அது? நகரவே இல்ல.

டாக்டர்: அசையாம இருக்கிறதுக்கு மருந்து குடுத்திருந்தேன்.

பெற்றவள்: செத்துட்டேன்னு நினைச்சேன். செத்தா இப்படித்தான் இருக்கும் போல, எல்லாம் கேக்கும், எல்லாம் வலிக்கும், யாருக்கும் தெரியாதுன்னு... இப்பவும் கண்ணை மூடினா அதான். விரல் அசையுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்.

டாக்டர்: அந்த டாக்டரம்மா குரல்...

பெற்றவள்: "ரத்தம் நிக்கலை, நிக்கலை"ன்னு கத்தினாங்க. "பிரஷர் எங்க? பிரஷர் எங்க?"ன்னு உங்களைத் திட்டினாங்க. உங்க குரல் மட்டும் என் காதுகிட்டயே இருந்துச்சு. "பொண்ணு பொறந்துட்டாம்மா, நல்லா அழுதா"ன்னீங்க. அப்புறம் குழாய் ஒழுகுதுன்னீங்க. பிளம்பர் நாளைக்கு நாளைக்குன்னு ஒரு மாசமா ஏமாத்துறான்னீங்க. வாளி வச்சா வாளி நிறையுது, மாத்த மறந்தா கீழ் வீட்டுக்காரம்மா மேல வந்து சண்டை போடுதுன்னீங்க.

டாக்டர்: வாயில வந்ததை எல்லாம் உளறியிருக்கேன்.

பெற்றவள்: அந்த உளறல்தான் டாக்டர்! அந்த வாளியையே பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். இப்போ நிறைஞ்சிருக்கும், இப்போ மாத்தணும், கீழ் வீட்டுக்காரம்மா வந்துடும்னு... நீங்க வாயை மூடியிருந்தா நான் அங்கயே போயிருப்பேன்.

டாக்டர்: இதை ஏன் முதல் நாளே சொல்லலை?

பெற்றவள்: சொன்னா?

டாக்டர்: சொல்லியிருந்தா இதுக்குன்னு இருக்கிற டாக்டரைப் பார்க்க வச்சிருப்பேன். பேசினா குறையும். தூக்கம் வரும். நாலு நாளா இப்படித் தனியா...

பெற்றவள்: உங்களுக்கு என்ன ஆகும்?

டாக்டர்: எனக்கா?

பெற்றவள்: எங்க வீட்டுக்காரர் ஒரு மாதிரி. அண்ணியாவது கத்திட்டு விட்டுடுவாங்க. அவர் எழுதிப் போடுவார், கேஸ் போடுவார். "மயக்கம் சரியாக் குடுக்காம என் பொண்டாட்டியை உயிரோட தைச்சாங்க"ன்னு. உங்க வேலை போயிடும். என்னைக் காப்பாத்தின கையை நானே எப்படி...

டாக்டர்: அதுக்காகவா?

பெற்றவள்: தினம் வந்து அந்தக் கேள்வியைக் கேப்பீங்க. இல்லைன்னு நான் சொன்னதும் உங்க மூஞ்சில ஒரு நிம்மதி வரும். பேப்பர்ல எழுதுவீங்க. அதைப் பார்த்துட்டு எப்படி டாக்டர் சொல்றது? ஐயோ, நீங்க ஏன் அழுறீங்க?

டாக்டர்: அழலை.

பெற்றவள்: நான் ஒண்ணும் தப்பா நினைக்கலை. உங்க மேல எனக்குக் கோபமே கிடையாது. உங்களுக்கு எப்படித் தெரியும் நான் முழிச்சிருக்கேன்னு? கண்ணும் திறக்கலை, விரலும் அசையலை. தெரிஞ்சிருந்தா மருந்தைக் கூட்டியிருக்க மாட்டீங்களா? தெரியாமத்தானே...

டாக்டர்: தெரியும்மா. மூடின கண்ணோரமா உனக்குத் தண்ணி வழிஞ்சுது... பார்த்தேன். பிரஷர் அம்பதுல நின்னுச்சு, இன்னும் ஒரு சொட்டு மருந்து உள்ள போனா உன் இதயம் நின்னுடும். பஞ்சு எடுத்துத் துடைச்சுவிட்டுட்டு, மருந்தைக் கூட்டாமலே உன் காதுல பேச ஆரம்பிச்சேன். அதை நான் எங்கயும் எழுதலை. தினம் வந்து, நீ இல்லைன்னு சொல்லிடணுமேன்னுதான் கேட்டேன்.