முதல் அலையில் இல்லாத விரல்

பௌதிக ஆய்வுக்கூடத்தின் திறவுகோலே! பித்தளைத் தராசுகளின் பெருங்காவலே! பதினேழாண்டு ஆய்வுக்கூட உதவியாளர் பணி முடித்துப் பள்ளம் கடற்கரைக்குத் திரும்பும் பண்பாளர் சிலுவைதாசன் அவர்களே!

"என்னப் புகழுக கூட்டத்துல நான் இருக்கமாட்டேன் மக்கா" என்று தாங்கள் சொல்லிவிட்டமையால், தாங்கள் இங்கே இல்லாததாகப் பாவித்து, 'அவர்' என்றே இம்மடலை வாசிக்கிறோம். தாங்களும் கேளாதவர்போல் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.

எட்டுப் பேர் தோள்கொடுத்து வள்ளம் தள்ளும் கரையில் பிறந்தவர் அவர். ஆதலால், நிற்கிற எதையும் தள்ளாமலிருக்க அவரால் இயலாது. எங்கள் மேசையில் ஒரு மரவண்டி. அதன் நூல் கப்பிமேல் ஏறி இறங்க, நுனியில் எடைக்கல். வண்டிமேல் விரித்த தாளில் ஆடும் மைத்தூரிகை அலை வரையும். வேகம் கூடக்கூட அலை நீளும். அச்சுக்கு இட்ட தேங்காயெண்ணெய் மணக்கும் அந்தச் சோதனையில், கல் இழுக்குமுன்னே அவர் சுட்டுவிரல் தள்ளிவிடும்.

"ஓய், தள்ளாதேயும்! கல்லு இழுக்கும்!" என்பார் ஆசிரியர் டைட்டஸ்.

"கல்லுக்குக் கையா இருக்கு சார்?" என்பார் இவர்.

அந்தக் கருணை விரல் போன ஆண்டுத் தேர்வில் மாணவன் குமாரதாஸின் வண்டியையும் தொட்டது. நின்று கிளம்பும் வண்டிக்கு முதல் அலை குறுகியிருக்க வேண்டும்; இதிலோ முதல் அலையே நீளம். தேர்வாளர் சிவப்பு மையால் அடித்தார், பையன் தோற்றான்.

அன்று மாலை அவர், உராய்வுக்கு ஈடாகச் சற்றே சாய்த்த பலகையில், கல்லை அவிழ்த்துவிட்டு வண்டியை ஒரு தள்ளு தள்ளினார். அலையெல்லாம் ஒரே நீளம்.

"ஓடுகு சார். ஆனா கைய எடுத்தப்பெறவு வேகம் ஏறல்லியே!"

"ஆமா ஓய். தள்ளினா ஓடும். விடாம இழுத்தாத்தான் ஏறிக்கிட்டே போவும்."

இந்தப் பங்குனியில் குமாரதாஸுக்குக் கடைசி வாய்ப்பு. தவறினால் தகப்பனாரின் புளிக்கடைதான். கல் தொங்கியது, வண்டி அசையவில்லை. அறையே அவர் விரலைப் பார்த்தது. அவரோ வியர்க்க வியர்க்கக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கல்லு இழுக்கத்தான் செய்யுது மக்கா. எதோ அதே பெலத்துல பிடிச்சு நிறுத்துகு. கப்பியப் பாரு."

தேர்வாளர் கேளாதவர்போல் இருமினார். கப்பி அச்சில் மணல். அது நம்மவர் வேட்டியோடு கரையிலிருந்து வந்ததென்பதில் எமக்கு ஐயமில்லை. குமாரதாஸ் ஊதினான். வண்டி கிளம்பியது.

ஐயா, இனித் தாங்கள் வந்துவிடலாம். நலமும் நீள் ஆயுளும் தங்களை விடாமல் இழுத்துச் செல்க! முட்டுவலி என்னும் மணல் தங்கள் கப்பியில் சேராதிருக்க! இனி மரவண்டி நிற்கும்போதெல்லாம் யாரும் இல்லாத அந்த மூலையை நாங்கள் திரும்பிப் பார்ப்போம்.

இம்மடலை இட்ட கண்ணாடிச் சட்டத்தின் அடியில் குமாரதாஸின் தாளை ஒட்டியிருக்கிறோம். முதல் அலையைப் பாருங்கள்: கடுகளவு. அங்கே தங்கள் விரல் இல்லை.

இங்ஙனம்,
ஆசிரியர், அலுவலர், தேறிவிட்ட குமாரதாஸ் உள்ளிட்ட மாணவர்
நாகர்கோவில், கொல்லம் 1112 சித்திரை